அணி ஓவியம்: பொழுதுபோக்கா, வாழ்நாள் பணியா?

தமிழில் 'அணி' என்னும் சொல் பொருள் வளம் மிக்கது. மகளிர் பூணும் நகையும் அணி. ஒழுங்குற நிற்கும் படையும் அணி. செய்யுளுக்கு அழகு சேர்க்கும் உவமை, உருவகம் முதலியனவும் அணி. தண்டியலங்காரம் பயிலும் நம் மாணவர் இம்மூன்றாம் பொருளை நன்கறிவர். உவமையையும் உருவகத்தையும் நீக்கிவிட்டுச் சீறாப்புராணத்தைப் படிக்க எவரேனும் ஒருப்படுவரோ? அவற்றை நீக்கினால் வரலாறு எஞ்சும், காப்பியம் எஞ்சாது. சொல்லில் அமையும் அணியை இவ்வளவு போற்றும் நாம், கோட்டிலும் வண்ணத்திலும் அமையும் அணியை மட்டும் வீண்வேலை என ஒதுக்குவது முறையாகுமா? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆன்றோர் முன்னும் மாணவர் முன்னும் வைக்கிறோம்.

வினா எழக் காரணம் உண்டு. ஏட்டின் ஓரங்களில் பூவும் கொடியும் வரைந்து மகிழ்ந்த பிள்ளை, மேல்வகுப்புக்கு வந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறது. 'படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?' என்று வீட்டார் கேட்கின்றனர். பள்ளியிலோ, தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளையே. கணக்காசிரியர் கேட்டாலும் அறிவியல் ஆசிரியர் கேட்டாலும் விட்டுக்கொடுக்க வேண்டியவர் ஓவிய ஆசிரியர்தாம். இவ்வாறு மூன்று தலைமுறை கழிந்தால் கை மறந்துவிடும். கை மறந்த கலையை நூலைக் கொண்டு மீட்பது அரிது.

அணி ஓவியம் பொழுதைப் போக்கும் விளையாட்டு அன்று. ஒருவர் தம் தொழிலோடு சேர்த்து வாழ்நாள் முழுதும் பேணத்தக்க ஒழுக்கம். பிறருக்குக் கற்பித்தற்குரிய கல்வி. கற்பிப்பார் இல்லையேல் ஒரே தலைமுறையில் அழியத்தக்க செல்வம். இதுவே எம் கருத்து. இதனை நிறுவ, நன்கு அறியப்பட்ட ஒரு வரலாற்றைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

திருமறை ஏடுகளில் பூத்த கலை

அரபு மொழியில் 'தஹப்' என்றால் பொன். அதினின்று பிறந்த 'தஸ்ஹீப்' என்னும் சொல்லுக்குப் பொன்னேற்றுதல் என்பது பொருள். ஏட்டின் ஓரங்களையும் தலைப்புகளையும் பொன்னாலும் வண்ணத்தாலும் ஒப்பனை செய்யும் கலைக்கு அதுவே பெயராயிற்று. இக்கலை திருக்குர்ஆன் படிகளை ஒட்டியே வளர்ந்தது.

ஈண்டு ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். அவ்வொப்பனை வெறும் பகட்டுக்காக எழுந்ததன்று. ஆயத்து முடியும் இடத்தில் ஒரு சிறு பூ. ஐந்தாம் ஆயத்துக்கும் பத்தாம் ஆயத்துக்கும் ஓரத்தில் தனித்தனிக் குறி. அத்தியாயம் தொடங்கும் இடத்தில் அணிப்பட்டை. சஜ்தா செய்ய வேண்டிய இடத்துக்கும் ஜுஸ்உ மாறும் இடத்துக்கும் வெவ்வேறு பதக்கங்கள். ஓதுபவர் இடம் தவறாமல் ஓத, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த, அழகு ஊழியம் செய்தது. இன்று நம் வீடுகளில் உள்ள அச்சுப் படிகளைப் புரட்டினாலும் அக்குறிகளின் வழித்தோன்றல்களைக் காணலாம். நாள்தோறும் ஓதும் பெரியவர்கள் நாள்தோறும் அணி ஓவியத்தின் உதவியைப் பெறுகின்றனர் எனின் மிகையன்று.

பாக்தாதில் வாழ்ந்த இப்னுல் பவ்வாப் ஹிஜ்ரி 391இல், அதாவது கி.பி. 1000-1001இல், எழுதிய திருக்குர்ஆன் படி இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் காக்கப்படுகிறது. பவ்வாப் என்றால் வாயிற்காவலர். ஒரு வாயிற்காவலரின் மகனான இவர், வீடுகளுக்கு வண்ண ஒப்பனை செய்பவராகத் தொடங்கி, நூல்களை ஒப்பனை செய்பவராகி, பின்னரே எழுத்தணிக்கு வந்தார் என வரலாற்றாசிரியர் கூறுவர். சுவரில் பூ வரைந்த கையே பின்னர் உலகம் போற்றும் மறைப்படியை எழுதியது. வண்ணம் பூசும் தொழிலைத் தாழ்வாகக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்க.

இக்கலையின் செய்முறை பொறுமையின் பள்ளிக்கூடம். மெல்லிய பொன் தகட்டைப் பிசினோடு சேர்த்துப் பீங்கான் தட்டில் விரல்களால் நெடுநேரம் அரைப்பர். பின் நீர் விட்டுக் கழுவித் தெளிய வைத்து, அடியில் தங்கும் பொன்தூளை வண்ணமாகப் பயன்படுத்துவர். முட்டை வெண்கருவும் படிகாரமும் கலந்து பூசிப் பதப்படுத்திய தாளே இதற்கு ஏற்றது. வரைந்த கோலத்தின் கோடுகளை ஊசியால் துளையிட்டு, அத்துளைகளின் மேல் கரித்தூள் பொதிந்த துணியைத் தட்டினால், அடியில் உள்ள தாளில் கோலம் புள்ளிகளாகப் பதியும். பொன் பூசியபின் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இறுதியில், முடியளவு நுண்ணிய தூரிகையால் ஒவ்வோர் இதழுக்கும் இலைக்கும் மையால் விளிம்பு கட்டுவர். ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு நிரம்புவதற்கே நாட்கள் பல ஆகும்.

துளையிட்டுப் பொடி தட்டும் இம்முறை நம்மூர்ப் பூத்தையல் தொழிலாளருக்குப் புதியதன்று. துணியில் சரிகை வேலை செய்வோர் இன்றும் துளைத்த தாளின் மேல் பொடி தேய்த்தே கோலத்தைப் பதிக்கின்றனர். தொழிலாளியின் கையில் உள்ள அறிவு, கல்வி நிலையத்தின் பாடத்திட்டத்தில் இல்லை. இந்த இடைவெளியே நம் கவலைக்குக் காரணம்.

ஒரு மருத்துவரின் வாழ்க்கை

இனி, நாம் கூறவந்த வரலாற்றுக்கு வருவோம். அஹ்மத் சுஹைல் உன்வர் 1898இல் இஸ்தான்புல் நகரில் பிறந்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மெஹ்மத் ஷவ்கி எஃபந்தி, 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த எழுத்தணிக் கலைஞர்களுள் ஒருவர். பேரனோ மருத்துவம் பயின்றார். 1920இல் பட்டம் பெற்றார். மருத்துவ மாணவராக இருந்த காலத்திலேயே, அந்நகரில் புதிதாகத் தோன்றிய எழுத்தணிக் கலைஞர் மத்ரஸாவிலும் சேர்ந்து அணி ஓவியம் கற்றார். ஒரு கையில் மருத்துவ நூல், மறு கையில் தூரிகை என்று தொடங்கிய அவ்வாழ்வு 1986இல் முடியும் வரை அவ்வாறே நடந்தது.

இடையில் ஒரு பேரிடி விழுந்தது. 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம் துருக்கிக் குடியரசு அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியது. அச்சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதன் விளைவு ஒன்றைக் கூறியாக வேண்டும். எழுத்தணிக் கலைஞர், பொன்னேற்றுவோர், நூல் கட்டுவோர் என ஒரு கூட்டமே வேலையிழந்தது. எழுதுவதற்கு எழுத்து இல்லாதபோது ஒப்பனைக்கு ஏடு ஏது? எழுத்தணிப் பள்ளியும் மூடப்பட்டது.

ஆயின் கலை அழிந்ததா? இல்லை. அடுத்த ஆண்டே, 1929இல், அப்பள்ளி 'கீழை அணிக்கலைப் பள்ளி' என்னும் பொருள்படும் புதுப்பெயருடன் மீண்டும் திறக்கப்பட்டது. எழுத்தின் பெயரால் நடக்க இயலாத பள்ளி, அணியின் பெயரால் நடந்தது. 1936இல் அது நுண்கலைக் கழகத்துடன் இணைந்து, துருக்கிய அணிக்கலைப் பிரிவாயிற்று. எழுத்துக்கு ஊழியம் செய்ய வந்த ஒப்பனை, இடர் வந்த காலத்தில் எழுத்தையும் தன் நிழலில் வைத்துக் காத்தது. வரலாற்றில் இத்தகைய நன்றிக்கடன்கள் அரியவை.

அந்நாட்களில் சுஹைல் உன்வர் ஆற்றிய பணி யாது? 1933இல் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ வரலாற்று நிறுவனத்தை அமைத்தார். பேராசிரியராகப் பாடம் நடத்தினார். அதே வேளையில் நுண்கலைக் கழகத்திலும் கற்பித்தார். டோப்காபி அரண்மனையிலும் தம் மருத்துவ வரலாற்று நிறுவனத்திலும் அணி ஓவிய வகுப்புகளை நடத்தினார். பழைய கட்டடங்களிலும் ஏடுகளிலும் கண்ட கோலங்களைத் தம் குறிப்பேடுகளில் வரைந்து வைத்தார். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் அரண்மனையில் இயங்கிய ஓவியச்சாலையை ஆராய்ந்து, அக்காலத்து ஓவியராகிய பாபா நக்காஷின் பணியை உலகறியச் செய்தார். அவர் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான குறிப்பேடுகள் சுலைமானிய்யா நூலகத்தில் உள்ளன.

இவர் மருத்துவத்தை விட்டுவிட்டு ஓவியரானவர் அல்லர். ஓவியத்தை விட்டுவிட்டு மருத்துவரானவரும் அல்லர். பிழைப்புக்கு ஒன்று, பேறுக்கு ஒன்று என இரண்டையும் ஒருசேர நடத்தினார். அவர் கலையைத் தமக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், அது ஒரு மருத்துவரின் நல்ல பொழுதுபோக்காக அவருடனேயே அடங்கியிருக்கும். கற்பித்தமையாலேயே அது மரபாயிற்று. பொழுதுபோக்குக்கும் தொண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு இதுவே என்று கருதுகிறோம்: தனக்காகச் செய்வது பொழுதுபோக்கு, தான் கற்றதைப் பிறர் கையில் ஒப்படைப்பது தொண்டு.

அவருடன் ஒருங்கு எண்ணத்தக்க இருவர் உளர். ஒருவர் நஜ்முத்தீன் ஒக்யாய் (1883-1976). இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் ஒரு பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றியவர். தொழுகை நடத்திய அவரே எழுத்தணி வல்லுநர். நூல் கட்டுவதில் தேர்ந்தவர். நீரின் மேல் வண்ணம் தெளித்துத் தாளில் ஏற்றும் 'எப்ரூ' கலையில் மலர் வடிவங்களைச் செம்மைப்படுத்தியவர். வில்வித்தையிலும் ரோசா வளர்ப்பதிலும் பெயர் பெற்றவர். இமாம் ஒருவர் இத்தனை கலைகளில் வல்லவராய் விளங்கியதை அவ்வூரார் குறையாகக் கருதவில்லை, பெருமையாகவே போற்றினர்.

மற்றொருவர் ரிக்கத் குந்த் அம்மையார் (1903-1986). முப்பது வயதைக் கடந்தபின் நுண்கலைக் கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். பின் அங்கேயே ஆசிரியராகி, பல மாணவரை உருவாக்கினார். கற்கும் வயது கடந்துவிட்டது என்று எண்ணும் நம் பெண்மணிகளுக்கு இவ்வம்மையாரின் வாழ்வு ஊக்கம் தரும்.

இவர்கள் இட்ட வித்து இன்று மரமாகியுள்ளது. துருக்கிப் பல்கலைக்கழகங்களில் மரபுக் கலைத் துறைகள் இயங்குகின்றன. 1996இல் இஸ்தான்புல் மாநகராட்சி பொதுமக்களுக்குத் தொடங்கிய பயிற்சி வகுப்புகளில் அணி ஓவியமும் இடம்பெற்றது; இல்லத்தரசியரும் ஓய்வுபெற்றோரும் கற்றனர். 2023இல் அஸர்பைஜான், ஈரான், தஜிகிஸ்தான், துருக்கி, உஸ்பெகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் பொதுச் செல்வமாக இக்கலையை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1928இல் கேட்பாரற்று நின்ற கலை, ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் உலக அவையில் ஏறியது. இடையில் அதைத் தாங்கி நின்றவர்கள் ஆசிரியர்கள்.

எழும் மறுப்புகள்

இவ்வாறு கூறுங்கால் மறுப்புகள் சில எழுதல் இயல்பே. அவற்றை மறைக்காமல் எடுத்து ஆராய்வதே நேர்மை.

முதலாவது, மார்க்கம் பற்றிய ஐயம். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி அறிஞரிடையே கடுமையான விலக்கும் வேறுபட்ட விளக்கங்களும் உள்ளன. அதில் நாம் தலையிடவில்லை. ஆயின் செடி, கொடி, பூ, வடிவியற்கோலம் ஆகியவற்றைப் பற்றி அத்தகைய தடை இல்லை என்பதே பெரும்பான்மை அறிஞர் கருத்து. படம் வரைந்தே பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அத்தோழர் அம்மனிதரின் பிழைப்பைப் பறிக்கவில்லை, நெறிப்படுத்தினார். விலக்கை மட்டும் நினைவில் வைத்து, வழிகாட்டலை மறந்துவிட்டோமோ என்று அஞ்சுகிறோம். அணி ஓவியம் அவ்வழிகாட்டலில் விளைந்த பெருந்தோட்டம்.

இரண்டாவது, பிழைப்புப் பற்றிய வினா. இதற்குப் பூசி மெழுகி விடை கூறல் தகாது. அணி ஓவியத்தால் மட்டும் குடும்பம் நடத்துதல் எளிதன்று. சுஹைல் உன்வரே மருத்துவத்தால்தான் வாழ்ந்தார். ஆகவே எல்லா மாணவரும் படிப்பை விட்டுத் தூரிகை ஏந்துக என்று நாம் கூறவில்லை. பொறியாளராகுக, வணிகராகுக, மருத்துவராகுக. ஆனால் வாரத்தில் சில மணி நேரம் கைக்கு ஒரு கலையைக் கொடுத்து வைத்திருங்கள் என்றே கூறுகிறோம். எஞ்சிய சிலர், கலையே தம் பணி எனத் துணிவோர், ஆசிரியராதல் இயலும். அவர்களுக்குச் சமுதாயமும் அரசும் நேர்மையான ஊதியம் தர வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். 2012இல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியரை நியமித்தது. அவர்களுக்குத் தொடக்கத்தில் வழங்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு அத்தொகை சிறிது சிறிதாக உயர்ந்தது. பணி நிரந்தரம் வேண்டி அவ்வாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. குழந்தையின் கைக்கு அழகைக் கற்பிப்பவர், தம் வீட்டு வாடகையை எண்ணிக் கலங்க வேண்டிய நிலை நேர்மையானதா? இத்தகைய ஊதியத்தைக் காணும் எந்தப் பெற்றோர் தம் மகனை ஓவிய ஆசிரியராக விடுவர்? பிழைப்பில்லாத கலை என்று பழிக்கிறோம். அக்கலைக்குப் பிழைப்பில்லாமல் செய்ததில் நம் பங்கை எண்ணுவதில்லை.

மூன்றாவது, காலவிரயம் என்னும் குற்றச்சாட்டு. கணக்குப் பாடத்துக்காக ஓவிய வேளையைப் பறிப்போர்க்கு ஒரு செய்தி. 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணிதமேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி, கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் அமைப்புகளை விளக்கித் தனி நூலே எழுதினார். கவராயத்தையும் அளவுகோலையும் கொண்டு வட்டத்தைப் பகுத்து ஐங்கோணமும் எண்கோணமும் அமைக்கும் பிள்ளை, வடிவியலைக் கண்ணாலும் கையாலும் கற்கிறது. ஈரானின் இஸ்ஃபஹான் நகரில் 1453இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தின் ஓட்டுக் கோலத்தை ஆராய்ந்த பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் அறிஞர் இருவர், 1970களில் பென்ரோஸ் கண்ட கணித அமைப்பை அது பெரிதும் ஒத்திருப்பதை 2007இல் எடுத்துக்காட்டினர். கணக்கும் ஓவியமும் பகைவரல்லர்; ஒரு தாய் மக்கள்.

கணினி நொடிப்பொழுதில் ஆயிரம் கோலங்களை வரைந்து தரும் இக்காலத்தில் கையால் வரைவானேன் என்று கேட்போரும் உளர். கணினி கோலத்தைத் தரும். கோலம் வரைவதால் மனிதனுக்குள் விளையும் பொறுமையைத் தராது. ஓர் இதழின் விளிம்பைக் கை நடுங்காமல் இழுத்து முடிக்கக் கற்ற இளைஞன், வேறெந்த வேலையையும் அரைகுறையாக விடமாட்டான். கல்வி நிலையத்தின் நோக்கம் படத்தை உருவாக்குவதன்று, ஆளை உருவாக்குவது.

ஆசிரியரும் இஜாஸாவும்

அணி ஓவிய மரபில் மாணவர் தம் படைப்பில் தாமே பெயரெழுதிவிட முடியாது. ஆசிரியர் அவர் பணியைக் கண்டு, தகுதி உண்டு எனத் தெளிந்து 'இஜாஸா' வழங்கிய பின்னரே பெயரெழுதும் உரிமை உண்டு. ஆசிரியருக்கு அவருடைய ஆசிரியர், அவருக்கு அவருடைய ஆசிரியர் எனச் சங்கிலி பின்னோக்கிச் செல்லும். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்களுக்கு இம்முறையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஹதீஸுக்கும் திருக்குர்ஆன் ஓதுதலுக்கும் உள்ள அதே ஒழுங்கு, ஒரு பூ வரைவதற்கும் இருந்தது. கலையை அவர்கள் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் இழப்பு பெரிது. நூலில் கோலம் இருக்கும். தூரிகையை எவ்வளவு சாய்க்க வேண்டும், பொன்னில் எவ்வளவு பிசின் சேர்க்க வேண்டும் என்பது ஆசிரியரின் கையில் மட்டுமே இருக்கும். அக்கை ஓய்வதற்குள் மற்றொரு கை அதைப் பெற்றாக வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

துருக்கியின் கதை நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டா. நம் கடற்கரை ஊர்களிலும் இச்செல்வம் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் பழைய கல்பள்ளிகளில், தமிழகக் கற்றச்சர் மரபு உருவங்களை விடுத்துப் பூவும் கொடியுமாய்த் தூண்களில் மலர்ந்துள்ளது. அரபுத் தமிழில் எழுதப்பட்ட பழைய ஏடுகள் பல வீடுகளின் பெட்டிகளில் உறங்குகின்றன. பள்ளியைப் பெரிதாக்கும் நல்ல எண்ணத்தாலேயே பழைய வேலைப்பாடுகள் சில வேளை இடிபடுகின்றன. தூண்களின் நுண்ணிய செதுக்கல் மீது ஆண்டுதோறும் எண்ணெய் வண்ணம் பூசப்பட்டு, இதழும் நரம்பும் மூடிப்போகின்றன. அவற்றை வரைந்து வைத்தவர் எத்தனை பேர்?

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

கல்லூரிகளில் வாரம் இரண்டு மணி நேரம் அணி ஓவிய வகுப்பு நடத்தலாம். மதிப்பெண் வேண்டா, விருப்பமே போதும். ஒரு கவராயம், ஓர் அளவுகோல், சில தூரிகைகள், நீர்வண்ணம் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. தமிழ்த்துறையும் கணிதத்துறையும் இணைந்து இதனைப் பொறுப்பேற்றால், அணியிலக்கணமும் வடிவியலும் ஒரே மேசையில் அமரும்.

இளைஞர் குறிப்பேடுகளுடன் தம் ஊர்ப் பழைய பள்ளிகளுக்குச் செல்லட்டும். தூண்களையும் கதவுகளையும் மீஸான் கற்களையும் அளந்து வரையட்டும். சுஹைல் உன்வர் தம் நகருக்குச் செய்ததை நம் மாணவர் தம் ஊருக்குச் செய்ய இயலும். அவ்வேடுகள் கல்லூரி நூலகத்தில் சேர்ந்தால், நாளை ஒரு தூண் சாய்ந்தாலும் அதன் கோலம் சாயாது. பள்ளிவாசல் நிர்வாகிகளும் வண்ணம் பூசுமுன், இடிக்குமுன், வரைந்துகொள்ள ஒரு வாய்ப்பை அளிக்க வேண்டும்.

சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் ஓவிய ஆசிரியருக்கு முழுநேரப் பணியும் முழு ஊதியமும் வழங்கப்பட வேண்டும். அவர் பாடவேளை எக்காரணத்தாலும் பறிக்கப்படலாகாது. கட்டடத்தின் முகப்புக்குச் செலவிடும் தொகையில் சிறு பகுதி இதற்குப் போதும். அரசு செய்யட்டும் எனக் காத்திராமல், நம் நிர்வாகத்தில் உள்ள பள்ளிகளில் நாமே தொடங்கலாம்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு சொல். வாசலில் கோலமோ கையில் மருதாணியோ எதுவாயினும், அணி வரைதல் நம் நாட்டுப் பெண்களின் விரல்களில் ஊறியது. பெருநாளுக்கு முதல்நாள் இரவு மருதாணி இடும் கைகளில் எத்துணைக் கற்பனை! அத்திறமை ஓர் இரவோடு கழுவிப்போகாமல் தாளில் ஏறினால், அவர்களுள் எத்தனையோ ரிக்கத் குந்த்கள் தோன்றுவர். வீட்டில் இருந்தவாறே கற்கவும் கற்பிக்கவும் ஏற்ற கலை இது.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை வரையும்போது 'படிக்கிற நேரத்தில் என்ன கிறுக்கல்?' என்று அதட்டுமுன், ஒரு முறை அத்தாளைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதிலுள்ள கோட்டில் ஒழுங்கு இருக்குமாயின், அது நேரத்தை வீணாக்கிய கை அன்று. நேரத்தை நிறைத்த கை.

அழகை இறைவன் விரும்புகிறான் என்னும் கருத்துள்ள நபிமொழியை நம் மேடைகளில் கேட்காத நாளில்லை. அம்மொழியைச் சொல்லால் போற்றினோம். இனிக் கையாலும் போற்ற முற்படுவோம். வரும் கல்வியாண்டில் ஒரு கல்லூரியில் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் பத்து மாணவரும் அமைந்தால் போதும். மீதியைக் காலமும் அம்மாணவரின் கைகளும் செய்யும்.